மலையகப் பாடல்களும் மனநலமும்

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலைத் துயரத்தின் ஆவணமாக மட்டும் கொள்வது குறைப்பார்வையேயாம். சிவனொளிபாத மலையடியில் நல்லதண்ணி முதலாய தோட்டங்களில் வாழ்ந்தோர்க்குத் தாலாட்டும், கொழுந்து பறிக்கையில் எழுந்த பாட்டும், ஒப்பாரியும் பருவந்தோறும் மனத்துக்குத் துணையாயின. கங்காணியை நேரில் எதிர்க்கவியலாத பெண் பாட்டில் அவனை எள்ளினாள். அந்நகைப்பு அவள் தன்மதிப்பைக் காத்தது.

எனினும், 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்ததாலும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்ததாலும் விளைந்த புண்ணைப் பாட்டு ஆற்றவில்லை. ஒப்பாரி இழவு வீட்டோடு முடிவுறும். நாடற்றோராக்கப்பட்டவரின் இழப்புக்கோ 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை முற்றான தீர்வு கிட்டவில்லை. பாட்டு மனத்தைத் தாங்கும், உரிமைக்கு ஈடாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்தலே அப்பாடல்களைப் பயில்வோர் கடனாகும்.