412 ஸ்மைலி, ஒரு டார்ச் லைட்

பென்சிலுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் அளவுதான் அந்த டப்பா. அடியில் காந்தம், மேலே திருகு மூடி, உள்ளே பீடி போலச் சுருட்டிய காகிதம். இந்த அளவை நேனோ என்பார்கள். கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனபோது தட்டுப்பட்டது. இடுக்கியால் சுருளை உருவி, பெயரையும் தேதியையும் எழுதி, திரும்பச் சுருட்டி உள்ளே தள்ளுவதற்கு நான்கு முறை முயன்றேன். எழுதிய நேரத்தைவிடச் சுருட்டிய நேரம் அதிகம். செயலியில் பதிந்ததும் வரைபடத்தில் இருந்த பச்சைக் குறி மஞ்சள் ஸ்மைலியானது. 411 என்றிருந்த என் கணக்கு 412 ஆனது.

ரயில் நிலையத்துக்குத் திரும்பி நடக்கையில் சும்மா யோசித்துப் பார்த்தேன். 411-ஆவது எங்கே கிடைத்தது? நினைவில்லை. அதையும் அன்று காலையில்தான் எடுத்திருந்தேன்.

நான்கு வருடமாகச் சிங்கப்பூரில் ஜியோகேச்சிங் ஆடுகிறேன். அதிகாரபூர்வச் செயலி, ஆண்ட்ராய்டுக்காகத் தன்னார்வலர்கள் எழுதும் சி:ஜியோ, கார்மின் ஈட்ரெக்ஸ் 10 என்ற பழைய கைக்கருவி ஆகிய மூன்றும் என் பையில் இருக்கின்றன. எது கேச்சுக்கு, அதாவது ஒளித்து வைத்த டப்பாவுக்கு, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று ஒப்பிட்டு எழுதத்தான் நினைத்திருந்தேன். அந்த 411 வந்து திட்டத்தைக் கெடுத்துவிட்டது.

விளையாட்டு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி 100 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். மே 2-ஆம் தேதி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்குப் பக்கத்துக் காட்டில், டேவ் உல்மர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையக் குழு ஒன்றில் போட்டார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். போய் எடுங்கள், எதையாவது எடுத்தால் எதையாவது வையுங்கள், நோட்டில் எழுதுங்கள் என்பதுதான் விதி. அன்று உலகத்தில் இருந்ததே ஒரு வாளி. ‘நீ எத்தனை கண்டுபிடித்தாய்?’ என்று யாரும் யாரையும் கேட்டிருக்க முடியாது.

இப்போது 30 லட்சத்துக்கும் மேலே ஒளிந்து கிடக்கின்றன. அந்தக் கேள்வியைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை.

அதிகாரபூர்வச் செயலியில் வேலை சுத்தம். வரைபடத்தைத் திறந்தால் நேரடியான கேச் பச்சையில், பல இடங்களைத் தொட்டுப் போக வேண்டியது ஆரஞ்சில், புதிரை அவிழ்த்தால்தான் இடம் தெரியும் என்பது நீலக் கேள்விக்குறியில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு. தேடுவது எவ்வளவு கடினம், போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை, அரை அரையாக. இலவசக் கணக்கில் சுலபமான சிலதான் திறக்கும். மற்றவை சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்து சந்தா கட்டச் சொல்லும். முதல் மாதம் கட்டாதீர்கள். இந்தக் கிறுக்கு உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கப் பச்சைக் குறிகளே போதும்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அம்புக்குறியும் தூரமும் வரும். திறந்த வெளியில் கைபேசி ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியத்துக்குக் கொண்டுவிடும். கேச்சின் எண்களைப் பாகை, நிமிடம், நிமிடத்தின் மூன்று தசமம் என்று எழுதுவது வழக்கம். கடைசித் தசமத்தில் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.85 மீட்டர் நகரும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சிங்கப்பூரில் வடக்கு தெற்குக்கும் கிழக்கு மேற்குக்கும் இதே கணக்குதான்.

அடுக்குமாடிகளுக்கு நடுவே போனால் இந்தக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும். செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வருவதால் கருவி ஏமாந்துபோகிறது. இடதுபக்கம் 4 மீட்டர் என்று காட்டிய அம்பு, நான் அசையாமல் நிற்கும்போதே வலதுபக்கம் 11 மீட்டர் என்கிறது. பக்கத்தில் இரும்புக் கம்பி இருந்தால் திசைகாட்டிக்கும் கிறுக்குப் பிடித்துவிடும். கடைசி 10 மீட்டரில் செயலியைப் பையில் போட்டுவிட்டு, ‘நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன்?’ என்று யோசிப்பதுதான் உத்தமம். எந்தச் செயலியை வைத்துக்கொண்டாலும் இதற்கு வேறு வழியில்லை.

ஈட்ரெக்ஸ் 10-ஐப் பார்த்தால் நண்பர்கள் சிரிப்பார்கள். 2.2 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, ஓரத்தில் பொத்தான்கள், நகர்த்த ஒரு குட்டிக் குச்சி. இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். மதிய மழையில் கைபேசித் திரையில் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு விரலாகிறது. வரைபடம் தானே பெரிதாகிறது, தானே ஜோகூர் வரைக்கும் போய்வருகிறது. ஈட்ரெக்ஸ் நனைந்துகொண்டே வேலை பார்க்கும். வெயில் ஏற ஏறத் திரை இன்னும் தெளியும். ஆனால் இணையம் கிடையாது. கேச் விவரங்களை வீட்டிலேயே கணினியிலிருந்து கம்பி வழியாக ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். கிடைத்தது, கிடைக்கவில்லை என்று அந்த இடத்தில் ஒரு குறி போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். பதிவை வீட்டுக்கு வந்துதான் எழுத முடியும்.

இதைக் குறையென்றுதான் முதலில் குறித்து வைத்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, அன்றைக்குப் போன இடங்களை ஒவ்வொன்றாக எழுதும்போதுதான் வேறொன்று பிடிபட்டது. சிலவற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கை நிற்காது. சிலவற்றுக்கு ஒரு வரி எழுதவே விட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேச்சின் தரத்தை அளக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை: ராத்திரி அதைப் பற்றி மூன்று வரி எழுத முடிகிறதா?

கைபேசியில் இந்தச் சோதனைக்கே இடமில்லை. நின்ற இடத்திலேயே நாலு தட்டுத் தட்டினால் எண் ஏறிவிடும். ‘கேச்சுக்கு நன்றி’ என்பதை ஆங்கிலத்தில் நான்கெழுத்தாகச் சுருக்கி, டிஎஃப்டிசி என்று போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடலாம். சி:ஜியோ இன்னும் ஒரு படி மேல். ‘இது என் இத்தனையாவது கேச்’ என்ற எண்ணைத் தானே நிரப்பிக்கொள்ளும் வார்ப்பை அதில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். இணையமில்லாமல் ஓடும் வரைபடம், விருப்பம் போலப் பிரித்து வைக்கும் பட்டியல்கள் என்று பல விதங்களில் எனக்கு அதிகாரபூர்வச் செயலியைவிட சி:ஜியோதான் பிடிக்கும். ஆனால் அந்த வார்ப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் எழுதிய முப்பது நாற்பது பதிவுகளைப் படித்துப் பார்த்தேன். தபால் ஆபீஸ் முத்திரை போல அத்தனையும் ஒரே மாதிரி. காசு செலவழித்து, காடு மேடெல்லாம் அலைந்து டப்பாவை ஒளித்து வைக்கிறாரே, அவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி அந்தப் பதிவுதான். அதிலும் கை வைத்திருக்கிறேன்.

என் யோக்கியதையை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு பூங்கா இணைப்புப் பாதைகளில் 27 எடுத்தேன். எனக்கு அது ஒருநாள் சாதனை. அன்றைய பதிவுகளை வைத்துக்கொண்டு இடங்களை நினைவுபடுத்தப் பார்த்தால் ஒன்றுதான் தேறுகிறது, அதுவும் அங்கே எறும்பு கடித்ததால்.

இந்த வியாதியின் முற்றிய நிலையைப் பார்க்க அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்துக்குப் போக வேண்டும். அங்கே 375-ஆம் எண் மாநிலச் சாலைக்கு, பறக்கும் தட்டுக் கதைகளின் புண்ணியத்தில், வேற்றுக்கிரகவாசி நெடுஞ்சாலை என்று பெயர். அந்தச் சாலையோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிலிம் சுருள் டப்பாக்களை வரிசையாக வைத்தார்கள். இரண்டு கேச்சுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்தக் குறைந்தபட்சத்தையே அலகாக வைத்துக்கொண்டால் வருவதுதான் பவர் டிரெயில். ஒருவர் கார் ஓட்டுவார், ஒருவர் குதித்து ஓடுவார், ஒருவர் ரப்பர் ஸ்டாம்பு குத்துவார். நேரம் மிச்சம் பிடிக்க இன்னொரு தந்திரமும் உண்டு. முதல் டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது இடத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்ததைத் தூக்கிக்கொண்டு மூன்றாவதுக்கு ஓடுவது. அடுத்த இடத்துக்குப் போகிற வழியில் காருக்குள்ளேயே கையெழுத்து முடிந்துவிடும். டப்பா நகர்ந்துகொண்டே போகும், எண் ஏறிக்கொண்டே போகும். மொத்தக் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பாலைவனத்தில் நண்பர்களோடு விடிய விடியக் கார் ஓட்டிச் சிரித்த ராத்திரியைப் பற்றி அவர்களிடம் மூன்று வரி நிச்சயம் இருக்கும். 743-ஆவது டப்பாவைப் பற்றி இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

எண்ணிக்கை போகட்டும், எது நல்ல கேச் என்று கண்டுபிடிக்கச் செயலியில் வழியே இல்லையா? இருக்கிறது. 2010 முதல் சந்தாதாரர்களுக்கு, 10 கேச் எடுத்தால் ஒன்று என்ற கணக்கில், விருப்பப் புள்ளி தருகிறார்கள். பிடித்த கேச்சுக்கு அதைக் கொடுக்கலாம். கேச்சின் பக்கத்தில் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். சுற்றுலாத் தலத்தில் 2,000 பேர் எடுத்து 60 புள்ளி வாங்கியதைவிட, ஏதோ ஒரு மூலையில் 40 பேர் எடுத்து 20 புள்ளி வாங்கியது எவ்வளவோ மேல். புதிய ஊருக்குப் போனால் நான் முதலில் தேடுவது இப்படிப்பட்டதைத்தான், இதுவரை காலை வாரியதில்லை.

என் கணக்கில் இதுவரை 41 புள்ளி சேர்ந்திருக்கிறது. கொடுத்தது 14. கஞ்சத்தனம் இல்லை. 412-இல் ‘இதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்’ என்று தோன்றியது அவ்வளவுதான். என் உண்மையான எண் 14 என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பதினான்கிலும் இல்லாத ஒன்று இருக்கிறது. போன மாதம், ஒரு பழைய வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளம். எந்தப் பேட்டை என்று எழுதமாட்டேன், எழுதினால் அடுத்தவர் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சிமெண்ட் பெஞ்சு, கல் மேசை, அதையொட்டிப் பூச்செடித் தொட்டி. மேசைக்கு அடியில் குனிந்து கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் அப்படி ஒருவன் செய்வதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

“என்ன தம்பி, சாவி விழுந்திருச்சா?”

கைலி கட்டிய ஒரு அங்கிள், கையில் கோப்பிப் பை. உண்மையைச் சொன்னேன்.

“உள்ள தங்கம் கிங்கம் இருக்குமா?”

“இல்ல அங்கிள். காகிதம்தான். பேர் எழுதிட்டு அங்கேயே வச்சிரணும்.”

“எழுதினா என்ன கிடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காது.”

கொஞ்சம் யோசித்தார். “அப்படின்னா சரி, தேடுவோம்” என்று கோப்பியை மேசைமேல் வைத்தார். மூன்றாம் மாடிக்குப் போய் டார்ச் லைட் ஒன்றைக் கொண்டுவந்தார், நீலப் பிளாஸ்டிக், கண்ணாடியில் விரிசல். முக்கால் மணி நேரம் இருவரும் தேடினோம். தேடத் தேட, அந்த மேசையில் முன்பெல்லாம் யார் யார் உட்கார்ந்து கேரம் ஆடுவார்கள், எந்தத் தூணில் யார் மகன் சைக்கிளை மோதினான் என்பதெல்லாம் வந்தது. கடைசியில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். அங்கிள் அவரிடம் மலாயும் கை ஜாடையுமாக விசாரித்தார். போன வாரம் மேசைக்கு அடியில் ஒட்டியிருந்த கறுப்பு டப்பா ஒன்றைக் குப்பை என்று பெயர்த்துப் போட்டுவிட்டாராம்.

“சே, ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா நீங்க?” என்று அங்கிள் என்னைத்தான் கடிந்துகொண்டார்.

செயலியில் ‘கிடைக்கவில்லை’ என்று பதிந்தேன். டிஎன்எஃப் என்பார்கள், வரைபடத்தில் நீல அழுமூஞ்சி விழும். எண்ணைக் கெடுக்குமோ என்று பலரும் இதைப் போடாமல் நழுவிவிடுவார்கள். அது கண்டுபிடிப்புக் கணக்கை ஒன்றும் செய்யாது. ஆனால் டப்பா காணாமல் போன சேதி, அதை வைத்தவருக்கு நம் பதிவு வழியாகத்தான் போக வேண்டும். அன்று ராத்திரி நான் எழுதியது, இந்த நான்கு வருடத்தில் எழுதியதிலேயே நீளமான பதிவு. டப்பாவே இல்லாத கேச்சுக்கு விருப்பப் புள்ளி கொடுக்கவும் வழியில்லை, கண்டெடுத்தால்தான் கொடுக்க முடியும்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதிகாரபூர்வச் செயலியின் இலவசக் கணக்கு போதும். ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் சி:ஜியோவையும் போட்டுக்கொள்ளுங்கள், அந்த வார்ப்பை மட்டும் தொடாதீர்கள். புதிர்களும் பல இடத்துக் கேச்சுகளும் பிடித்துப்போனால் ஒரு வருடச் சந்தா வீண்போகாது. கைக்கருவியைப் புதிதாக வாங்கச் சொல்லமாட்டேன். யாராவது பழைய ஈட்ரெக்ஸைத் தள்ளிவிடப் பார்த்தால் விடாதீர்கள். சாமான் பையில் பேனா, நேனோவுக்கு இடுக்கி, கொசு மருந்து இவை அவசியம். டார்ச்சும் இருக்கட்டும்.

என் பையில் இருப்பது அங்கிளுடையது. பேச்சுவாக்கில் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். புதிய டப்பா வைத்தாகிவிட்டது என்று நேற்று அந்தப் பக்கத்தில் பதிவு வந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் போகலாம் என்றிருக்கிறேன், அவர் கோப்பி வாங்க இறங்கும் நேரத்துக்கு.