குழித்தறிக்கு எந்த வெளிச்சம்?

வீட்டில் தொழில் செய்கிற எவர் வெளிச்சம் போதவில்லை என்றாலும், எலக்ட்ரீஷியன் சொல்லும் யோசனை ஒன்றுதான்: பெரிய பல்பாகப் போடுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கார் ஷெட்டில் தச்சுவேலை பார்ப்பவருக்கும் இதே பதில்தான், தறிக்குழியில் இறங்கி உட்காரும் நெசவாளிக்கும் இதே பதில்தான். தச்சருக்கு அது ஓரளவு உதவும். நெசவாளிக்குப் பெரும்பாலும் உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தறி என்றால் முதலில் பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் என்ற நெசவாளர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினார்கள். திவான் உம்மிணித் தம்பிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஊருக்கே ராஜாவின் பெயர். 1956இல் பக்கத்துத் தாலுகாவான விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எல்லை மாறினாலும் தறி மாறவில்லை. தரையில் குழி வெட்டி, அதில் கால் இறக்கி மிதித்து, நாடாவைக் கையால் எறிந்து நெய்யும் குழித்தறி இன்றும் அங்கே இருக்கிறது.

இந்தத் தறியில் ஓடுவது சாயம் போடாத, வெளுக்காத பருத்தி நூல், அதாவது கோரா. நீளவாக்கில் ஓடும் பாவும் அதே நிறம், குறுக்கே ஓடும் ஊடையும் அதே நிறம். பாவில் ஓர் இழை அறுந்தால் துணியில் மயிரிழை அகலத்தில் ஒரு கோடு விழும். நிறத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நிற வேறுபாடே இல்லை. நிழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நேர் மேலிருந்து கொட்டும் வெள்ளை வெளிச்சம் அந்த நிழலைத் துடைத்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து வரும் வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுக்கும். கரையில் ஓடும் கசவுச் சரிகையோ கண்ணாடி போல மின்னும். மூடியில்லாத பல்பு அதில் பட்டுத் தெறித்து நேரே கண்ணில் அடிக்கும். அடித்த நொடியில் பக்கத்தில் இருக்கும் பருத்தி இழை தெரியாது.

வழக்கமான வெளிச்சங்களை ஒவ்வொன்றாக விசாரிப்போம். முதல் வழக்கு, கூரை நடுவில் தொங்கும் 9 வாட் எல்இடி பல்பு. அது தருவது ஏறத்தாழ 900 லூமென். குழித்தறியில் துணி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும். பல்பு ஒன்பது அடியில். இடைவெளி இரண்டேகால் மீட்டருக்கு மேல். கணக்குப் போட்டால் துணியில் விழுவது சுமார் 25 லக்ஸ். நெசவுக்கு 500 லக்ஸ் வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. அதே பல்பைத் துணியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் சுமார் 130 லக்ஸ் கிடைக்கும். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு, அவ்வளவுதான் விஷயம். பெரிய பல்பு வாங்கும் காசு இதில் மிச்சம்.

இரண்டாவது, கூரையில் பதிக்கும் கண்ணாடி ஓடு. செலவில்லாத வெளிச்சம் என்று பலர் இதைக் கொண்டாடுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் நிறம் உள்ளபடி தெரியும் என்பது உண்மை. ஆனால் வடக்குச் சரிவில் வைத்தால் வெயில் வராது என்ற அறிவுரை ஐரோப்பிய ஆலைகளுக்குச் சரி, நமக்கு இல்லை. நெய்யாற்றின்கரை நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரிக்குள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் அது தெற்கே சாய்ந்தாலும், வடக்குச் சரிவுக்கு மறையும் அளவுக்குத் தாழ்வதில்லை. எந்தச் சரிவில் ஓடு போட்டாலும் நண்பகலில் ஒரு சதுர வெயில் துணியில் விழுந்து நகர்ந்துகொண்டே இருக்கும். இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் அதே ஓடு மங்கிப் போகும். ஆக, தெளிவான கண்ணாடியை விட்டுச் சொரசொரப்பான கண்ணாடி ஓடாகப் போட்டால் பகலுக்குத் துணை. அதை மட்டும் நம்ப முடியாது. கான்கிரீட் கூரை வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மத்திய அரசின் தேசிய கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் சூரிய மின் விளக்குக்கு உதவி உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் விளக்கு வந்து சேர்வது பாதி வேலை. அதை எங்கே தொங்கவிடுவது என்பது மீதிப் பாதி.

பழகிய கைக்கு விளக்கு எதற்கு, விரலே அறுந்த இழையைச் சொல்லிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. நான் அதை அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். நல்ல நெசவாளியின் விரல் அப்படித்தான். ஆனால் தறியில் இன்று உட்காருபவர்களில் வயதானவர்களே அதிகம். 60 வயதுக் கண்ணின் விழித்திரையைச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. விரலின் திறமையைச் சொல்லிக் கண்ணை வருத்துவது நியாயமில்லை.

இனி தீர்ப்பு. தறியின் இடப்புறம், துணியின் ஓரத்துக்குச் சற்று வெளியே, பாவின் போக்கிலேயே ஒரு நான்கடி 20 வாட் எல்இடி டியூப். துணியிலிருந்து ஒரு மீட்டருக்குள், உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே படாமல் ஒரு மறைப்போடு. வலப்புறம் இரண்டடி 10 வாட் டியூப் ஒன்று. இரண்டையும் சம பலத்தில் போட்டால் ஒன்றின் நிழலை மற்றொன்று அழித்துவிடும். அதனால்தான் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சுவருக்கு வெள்ளை அடித்தால் நிழல் கறுத்துப் போகாது. இத்தனையும் செய்தாலும் 500 லக்ஸ் எட்டாது. 300ஐ ஒட்டி நிற்கும். எனக்கு அதில் குறையில்லை. திசை தவறிய 500ஐவிடத் திசை சரியான 300 இந்தத் துணிக்கு மேலானது.

நிறம் கேட்டால் கடையில் 'நேச்சுரல் ஒயிட்' என்கிற 4000 கெல்வின். மஞ்சள் பல்பில் இரண்டு கட்டுக் கோரா நூலுக்கு இடையிலான லேசான சாயல் வேறுபாடு தெரியாது. நீலம் கலந்த 6500இல் கசவு வெளிறிப் போகும். வாங்கும்போது போன் கேமராவைக் காட்டிப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த டியூப் நொடிக்கு 100 முறை விட்டு விட்டு எரிகிறது என்று பொருள். தார் சுற்றும் மோட்டாருக்கும் தச்சரின் கடைசலுக்கும் அது ஆபத்து, சுழல்வது நிற்பதுபோலத் தோன்றும். குழியில் ஈரம் இருக்கும், பஞ்சு பறக்கும், மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இல்லாமல் தறிக்கு மேல் வயர் இழுக்காதீர்கள்.

இரண்டு டியூபும் நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் ஆறேழு யூனிட். அதற்கும் இப்போது கையில் காசில்லை என்றால் எதையும் வாங்க வேண்டாம். இருக்கிற பல்பை இடப்பக்கமாக நகர்த்தி, நாலடி கீழே இறக்கி, ஒரு மூடி போடுங்கள்.