விடிய விடிய வாசித்த நாயனம்

காருக்குறிச்சி அருணாசலத்தை இன்று பலருக்கு ஒரே ஒரு பாட்டால்தான் தெரியும். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரியில் அவர் நாயனம் இழையும் அந்தச் சில நிமிடங்கள். ஆனால் படம் வருமுன்பே அவர் பெரிய வித்வான். தேரோடும் வீதியிலும் கல்யாணப் பந்தலிலும் ஊர் ஊராக வாசித்தே அந்தப் பேரைச் சம்பாதித்தார். எழுதிவைக்காத இசையை நின்ற இடத்திலேயே உண்டாக்கி, கேட்டவர்கள் வாய்வழியே உயர்வது நாகஸ்வரத்தின் பழைய வழி. அது எதைக் கொடுத்தது, எதை இழக்கவைத்தது என்று கோவில்பட்டியிலிருந்து யோசிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் பிறந்தது தாமிரபரணிக் கரையோரக் காருக்குறிச்சி என்றாலும், குடியிருக்கத் தேர்ந்துகொண்டது இந்தக் கரிசல் ஊரை. சிலையும் இங்கே இருக்கிறது.

வீதி உலாவில் நாயனக்காரருக்குக் கிடைக்கிற பெரிய சொத்து நேரம். கம்பீரநாட்டையில் மல்லாரி வாசித்துச் சாமி புறப்பட்டதும் சப்பரம் சந்திக்குச் சந்தி நிற்கும். ஒரு முக்கில் தோடியைத் தொட்டால் அடுத்த முக்கு வரைக்கும் தோடிதான். முடிக்கச் சொல்லி யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. ஒரு பிடியை வாசித்துப் பார்த்து, போதவில்லை என்று தோன்றினால் வேறொரு சுரத்தில் நின்று மறுபடி தேடலாம். தவில்காரர் ஒரு நடையை மாற்றிப் போட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். சபா மேடையின் இரண்டரை மணி நேரத்தில் இப்படித் தேடித் திரிய இடம் கிடையாது. என் கணிப்பில் தமிழ்நாட்டு ராக ஆலாபனையை வளர்த்ததில் சபாக்களைவிட இந்த வீதிகளுக்குத்தான் பங்கு அதிகம்.

பள்ளிக்கூடமும் அந்த வீதியே. அருணாசலம் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் நாயனம் வாசித்தவர். குரு அந்தக் கணத்தில் கற்பனை செய்ததை உடனே பிடித்துத் திருப்பி வாசிக்க வேண்டிய இடம் அது. பாடம் எழுதிக்கொண்டு பழகியவரால் அங்கே நிற்க முடியாது. பரம்பரை நாயனக்காரர் குடும்பத்தில் பிறக்காத ஒருவர், பரம்பரைக்காரர்களே கோலோச்சிய துறையில் முதல் வரிசைக்கு வந்ததில் இந்தப் பயிற்சிக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் பங்குண்டு. கூட்டம் பாரம்பரியம் கேட்கவில்லை, நாதத்தைக் கேட்டது.

அந்தக் கூட்டம் வானத்தை நம்பி வாழ்ந்த கூட்டம். கரிசல் மானாவாரிக் காடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் விளைந்தது களத்துக்கு வந்து, கையில் காசு புழங்கும்போதுதான் பங்குனியில் செண்பகவல்லி அம்மன் திருவிழாவும் அடுத்தடுத்துக் கிராமத்துக் கொடைகளும் களைகட்டும். மழை பொய்த்த வருஷம் மேளத்துக்கு அச்சாரம் கொடுக்க ஆளிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமும் இல்லை. முன்னணி வித்வான் இதைத் தாங்குவார். ஒத்து ஊதியவரும் தாளம் போட்டவரும் என்ன ஆனார்கள் என்பதை நம் இசை வரலாறு எழுதவே இல்லை. இந்த முறையின் முதல் அநியாயம் அது. ராத்திரிப் பயணமும் தெருவில் நிற்பதுமான இந்தத் தொழில் பெண்களுக்கு அநேகமாக அடைபட்டே கிடந்தது, மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் மாதிரி சிலர்தான் அதைத் தாண்டி வந்தார்கள்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது: வாசித்தது காற்றோடு போயிற்று. கரிசலின் உச்ச உதாரணம் விளாத்திகுளம் சாமிகள். எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். பாட்டுக்குப் போகாமல் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்தே புகழ்பெற்றவர். 1965-ல் மறைந்த அவருடைய இசையை, அன்று கேட்டவர்கள் எழுதிவைத்ததிலிருந்து இன்று ஊகிக்கத்தான் முடிகிறது. அருணாசலத்துக்கு இசைத்தட்டுகளும் வானொலிப் பதிவுகளும் உண்டு. ஆனால் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் ஓடும் தட்டில் ஒரு ராத்திரித் தோடி எப்படி அடங்கும்?

இங்கே அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு நினைவுக்கு வருகிறது. 1965-ல் தொடங்கி 1995 வரை 2,300-க்கு மேற்பட்ட கச்சேரிகள். ஒருநாள் வாசித்த மாதிரி மறுநாள் வாசிக்காத குழு. தட்டு விற்பனையைவிட ஊர் சுற்றியே அவர்கள் ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தார்கள். ரசிகர்கள் ஒலிநாடாவில் பதிவுசெய்து தமக்குள் பரிமாறிக்கொள்ள விட்டார்கள். 1984-ல் அதற்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். அதனால் அவர்களுடைய இசையை நாள்வாரியாகக் கேட்டு, ஒரே பாட்டு வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறியது என்று பார்க்க முடிகிறது. காருக்குறிச்சியாரின் தோடியை அப்படிக் கேட்க வழியில்லை. 1964-ல் நாற்பத்து மூன்று வயதில் அவர் மறைந்தபோது நம் தெருக்களில் டேப் ரெக்கார்டர் கிடையாது. அது யார் குற்றமும் அல்ல. இன்று எல்லார் கையிலும் பதிவுக் கருவி இருந்தும் பதிவுசெய்யாமல் விடுவது நம் குற்றம்.

கூட்டத்தை நம்பிய கலைக்குக் கூட்டத்தின் ருசியே ஆபத்தாகவும் வரும். வேகமான பிருகாவுக்கும் நீண்ட தனித் தவிலுக்கும் கைதட்டல் கிடைப்பதுபோல, நிதானமாக ஒரு காந்தாரத்தில் நிற்பதற்குக் கிடைப்பதில்லை. சினிமாப் பாட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் பழக்கம் ஆலாபனைக்கான நேரத்தைத் தின்றது. இருந்தும் இந்த முறையின் பக்கமே நான் நிற்கிறேன். அந்த நீண்ட ராத்திரிகள் இல்லாவிட்டால் ஒரு காருக்குறிச்சி உருவாகியிருக்க முடியாது. அவற்றுக்கு மாற்றாக எதையும் நாம் இன்னும் உண்டாக்கவில்லை.

இன்று பல ஊர்களில் நாயனத்துக்கு அரை மணி, மீதி ராத்திரி மெல்லிசைக் குழுவுக்கு என்றாகிவிட்டது. விழாக் கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்து நாள் திருவிழாவில் ஒரே ஒரு ராத்திரியை முழுசாக நாயனத்துக்கு விடுங்கள். சீட்டு வாங்காதீர்கள். ஒத்து, தாளக்காரர் வரைக்கும் சம்பளத்தைப் பேசி முடியுங்கள். முழு வாசிப்பையும் பதிவுசெய்து, வாசித்தவர்களின் பேரோடும் தேதியோடும் ஊர் நூலகத்தில் வையுங்கள்.