‘மெட்ரோபொலிஸ்’: கதையை விடுங்கள், நடையைப் பாருங்கள்

ஊமைப்படம், ஜெர்மன் படம், அதுவும் இரண்டரை மணி நேரம். இவ்வளவு சொன்னதுமே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானது ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபொலிஸ்’. எதிர்கால நகரம் ஒன்று. மேலே வானளாவிய கட்டடங்கள், அவற்றுக்கிடையே பாலங்கள், பாலங்களின்மேல் கார்கள். பூமிக்கு அடியில் இயந்திரங்கள். அதற்கும் அடியில், அந்த இயந்திரங்களை ஓட்டுகிறவர்களின் குடியிருப்பு. நகர அதிபரின் மகன் ஃப்ரெடர், கீழேயிருந்து வந்த மரியாவைப் பார்த்த மறுகணம் சொகுசையெல்லாம் விட்டுக் கீழே இறங்குகிறான். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழைப் பெண், நாம் பார்க்காததா! கதைக்காக உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். உடம்புகளைப் பாருங்கள். யார் எப்படி நடக்கிறார்கள், யார் நிமிர்ந்திருக்கிறார்கள், யாருடைய முகம் நமக்குத் தெரியவே இல்லை என்று பாருங்கள்.

தொடக்கத்திலேயே ஷிஃப்ட் மாறும் காட்சி வருகிறது. சுரங்கப்பாதையில் இரண்டு வரிசைகள். ஒன்று வேலைக்குப் போகிறது, மற்றது முடித்துத் திரும்புகிறது. ஒரே கறுப்பு உடை, ஒரே தொப்பி, எல்லோர் தலையும் கவிழ்ந்திருக்கிறது. கால்களைக் கவனியுங்கள். உள்ளே போகும் வரிசையின் வேகத்தில் பாதிகூட வெளியே வரும் வரிசைக்கு இல்லை. பத்து மணி நேர வேலை மனிதனிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு வசனமே தேவைப்படவில்லை. பிறகு வேலை முடித்தவர்கள் சதுரம் சதுரமாக நின்று லிஃப்டில் இறங்குகிறார்கள். திரையில் வரும் எழுத்துகூட அவர்களோடு சேர்ந்து கீழ்நோக்கி நகர்கிறது. அடுத்த காட்சியில் பணக்காரப் பிள்ளைகள் வெள்ளை உடையில், விளையாட்டு அரங்கில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள். அதே மனித உடம்பு, இங்கே விளையாட்டாக ஓடுகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் இருக்கிறது லாங்கின் கெட்டிக்காரத்தனம்.

ஒரு பெரிய வட்டத் தகடு, சுற்றிலும் பல்புகள், நடுவே கடிகார முள் போன்ற இரண்டு கைகள். எந்த பல்பு எரிகிறதோ அங்கே முள்ளைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். இதுதான் 11811 என்ற எண்ணுள்ள தொழிலாளியின் வேலை. அந்த இயந்திரம் என்ன தயாரிக்கிறது என்று படம் சொல்வதே இல்லை. அதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுதான் சரியான இடம். அதை ஓட்டுகிறவனுக்கே தெரியாததை நமக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? ஃப்ரெடர் அவனுடைய உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் நிற்கிறான். சற்று நேரத்தில் சிலுவையில் அறையப்பட்டவனைப் போல முட்களோடு தொங்குகிறான்.

பலரும் கவனிக்காமல் விடும் பாத்திரம் ஜோசஃபட். அதிபரின் அலுவலக ஊழியர். கீழே நடந்த ஓர் இயந்திர விபத்தைப் பற்றி முதலில் தகவல் தரவில்லை என்று அவரை நின்ற நிலையில் வேலையைவிட்டு நீக்குகிறார் அதிபர். ஜோசஃபட்டுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. வெளியே வந்ததும் துப்பாக்கியை எடுத்து உயிரை விடப் பார்க்கிறார். அந்த நகரத்தில் வேலை போவது என்றால் கீழே போவது. மேலே இருக்கிறவனுக்கும் கீழே இருக்கிறவனுக்கும் நடுவில், எப்போது விழுவோமோ என்ற பயத்திலேயே வாழும் ஒரு கூட்டம் உண்டு என்பதை இந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன.

மரியாவாகவும் மரியாவின் உருவத்தில் வரும் இயந்திரப் பெண்ணாகவும் நடித்திருப்பவர் பிரிகிட்டே ஹெல்ம். இருபதைத் தொட்டும் தொடாத வயது, முதல் படம். ஒப்பனையில் பெரிய வித்தியாசம் கிடையாது. இயந்திரப் பெண்ணின் ஒரு கண்ணிமை மட்டும் தாழும், கழுத்து வெடுக்கென்று திரும்பும். அவ்வளவில் ஆளே மாறிவிடுகிறார். மற்றவர்களின் நடிப்பு, குறிப்பாகக் கதாநாயகனுடையது, இன்றைக்குச் சிரிப்பு மூட்டும். சிரித்துவிட்டு மேலே பாருங்கள்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்பது முக்கியம். வெளியான சில மாதங்களிலேயே படத்தை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். முழுப் படம் போயே போய்விட்டது என்றுதான் பல்லாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் 16 மில்லிமீட்டர் பிரதி ஒன்று கிடைத்தது. அதைச் சேர்த்துச் சீரமைத்த 2010 பிரதியைத் தேடிப் பிடியுங்கள். நடுநடுவே படம் திடீரென்று கோடு கோடாகக் கீறலோடு வந்தால் டிவியைத் தட்டாதீர்கள், புவெனஸ் ஐரிஸில் கிடைத்த பகுதிகள் அவை. காட்ஃப்ரீட் ஹுப்பர்ட்ஸ் இந்தப் படத்துக்கென்றே எழுதிய இசையும் இந்தப் பிரதியில் உண்டு. படமே மூன்று பாகமாகப் பிரிந்திருப்பதால் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை.

முடிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூளைக்கும் கைக்கும் நடுவே இதயம் வேண்டும் என்று ஃப்ரெடர் முதலாளியையும் தொழிலாளர் தலைவனையும் கைகுலுக்க வைக்கிறான். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் அந்தக் காலத்திலேயே படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். இந்த முடிவு பிற்காலத்தில் லாங்குக்கே உவப்பாக இல்லை. திரைக்கதை எழுதியவர் அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பு. லாங் 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறினார்; ஹார்பு அங்கேயே தங்கி நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அந்தக் கைகுலுக்கலின்போதும் உடம்புகளைப் பாருங்கள். தொழிலாளர்கள் முக்கோண வடிவில் அணிவகுத்துத்தான் வருகிறார்கள். அதே கறுப்பு உடை. கை குலுக்கிய பிறகு ஷிஃப்ட் எட்டு மணி நேரம் ஆனதா என்ற பேச்சே இல்லை. வசனம் சமாதானம் என்கிறது, காட்சி ஒப்புக்கொள்ளவில்லை. நான் காட்சியைத்தான் நம்புவேன்.

பிடித்திருந்தால் அடுத்ததாக பாங் ஜூன்-ஹோவின் ‘ஸ்னோபியர்சர்’ (2013) பாருங்கள். உலகமே உறைந்துபோன பிறகு ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ரயில். அங்கே ஏழைகள் கீழே இல்லை, கடைசிப் பெட்டியில் இருக்கிறார்கள்.