பாடாந்தரம் கலந்த கணினி

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைச் சாலையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. இரண்டாம் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் அங்கே லேபிள் அச்சிடும் கணினி நின்றுபோயிற்று. அதில் இருந்தது உபுண்டு 20.04. பிரிண்டர் டிரைவருக்காக யாரோ டெபியன் 12-இன் களஞ்சியத்தை அதில் சேர்த்திருந்தார்கள். இரண்டும் ஒரே வகைக் கோப்புதானே, பொருந்திவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். ஆனால் உபுண்டு 20.04-இன் அடிப்படை சி நூலகம் 2.31, டெபியன் 12-இல் அது 2.36. ஒன்றை இழுத்தால் நூறு அவிழ்ந்தது. பிரிண்டர் விற்றவரை அழைத்தேன். லினக்ஸுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார். விவரம் தெரிந்த ஒருவர், மேனுவலைப் படிக்கச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

சங்கீதத்தில் ஒரே கீர்த்தனைக்குப் பல பாடாந்தரங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தன்னளவில் சுத்தம். ஒன்றின் பல்லவியோடு இன்னொன்றின் சரணத்தை ஒட்டினால்தான் இடிக்கும். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்களின் மரபும் இப்படித்தான்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனை மூத்த பள்ளி எனலாம். எந்த பேக்கேஜ் எதைச் சார்ந்தது, எதோடு மோதும் என்பதை அதைப் பராமரிப்பவரே எழுதிவைக்க வேண்டும் என்று விதி வகுத்த பள்ளி அது. நிலையான பதிப்பு வெளியான பிறகு அதில் புதுமை நுழையாது, பிழைத்திருத்தம் மட்டுமே நுழையும். குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997-இல் தன் சமூக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டது. என் மனம் இந்தப் பள்ளியின் பக்கம்தான். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தது. மாணவர்களின் கைக்குக் கணினி போயிற்று. கூடவே ஆசான் போகவில்லை. பெரும்பாலோர் விண்டோஸோடு நின்றுவிட்டதற்கு அதையே முதற்காரணம் என்பேன்.

ரெட் ஹாட்டின் ஆர்.பி.எம். வழி இன்னொரு பள்ளி. தொடக்க நாள்களில் ஒரு பேக்கேஜை நிறுவ இன்னொன்றைத் தேடி, அதற்காக மற்றொன்றைத் தேடி அலைந்தவர்கள் அதை நரகம் என்றே அழைத்தார்கள். யம், பிறகு டிஎன்எஃப் என்ற நிறுவிக் கருவிகள் அந்த அலைச்சலைக் குறைத்தன. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தலைமையில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் தேர்ந்த சூசேயும் ஆர்.பி.எம். வழியினதே. மோதலைத் தருக்கக் கணக்காக்கித் தீர்க்கும் முறையை ஓப்பன்சூசே 2008-இல் கொண்டுவந்தது. ஆர்ச் வழங்கலில் எல்லாவற்றையும் ஒன்றாகப் புதுப்பிக்க வேண்டும், பாதியைப் புதுப்பிப்பது அங்கே குற்றம். நிக்ஸ் ஒவ்வொரு பதிப்பையும் தனி அறையில் வைக்கிறது. மோதல் குறையும், வட்டில் இடம் கரையும்.

தொழில்நுட்பத்தை மட்டும் வைத்து ஒரு பள்ளியின் தரத்தை அளக்க நான் ஒப்ப மாட்டேன். இடறியவரின் குரலை அது எப்படிக் கேட்கிறது என்பதும் அளவுகோல். 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓ.எஸ். வழங்கலில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். பேக்கேஜ் மோதலால், டெஸ்க்டாப்பையே நீக்கப் போவதாகத் திரை எச்சரித்தது. கேட்ட உறுதிமொழியைத் தட்டினார், டெஸ்க்டாப் போயிற்று. படிக்காமல் தட்டியது அவர் தவறு என்று பலர் ஏசினார்கள். டெபியன் வழியின் பேக்கேஜ் நிறுவியான ஆப்டைப் பராமரிப்பவர்கள் அந்த ஆண்டே, இன்றியமையாத பேக்கேஜ்களை அவ்வளவு எளிதில் நீக்க முடியாதபடி அதை இறுக்கினார்கள். ஏசியவர்களால் ஒரு வரி நிரலும் மாறவில்லை. மரபைக் காத்தவர்கள் ஆப்டைத் திருத்தியவர்களே.

நம் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னையின் லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு, 2012 முதல் தமிழில் எழுதிவரும் கணியம் மின்னிதழ் ஆகியவை ஊதியம் எதிர்பாராமல் கற்றுத்தருகின்றன. ஷிப்டில் நிற்கும் ஐ.டி.ஐ. பையனுக்குப் புரியும் தமிழில் விடை வருவது இங்கேதான்.

அன்று அந்த லேபிள் கணினியில் டெபியன் வரியை நீக்கி, உபுண்டுவின் பேக்கேஜ்களைத் திரும்ப நிறுவி, டிரைவரின் 20.04-க்கான பதிப்பைப் போட்டபோது இரவு மணி பதினொன்று. அடுத்தமுறை இப்படி நின்றால் பிழைச்செய்தி முழுவதையும், எந்த வழங்கல், எந்தப் பதிப்பு, என்னென்ன களஞ்சியங்கள் என்பதையும் எழுதிக்கொண்டு கேளுங்கள். கேட்கப்படுபவர்களே, மேனுவலைக் காட்டுங்கள். கூடவே எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள்.