எடுத்தாட்சியும் நகையும்

அமெரிக்க ஹிப்-ஹாப் கலைஞர் பிஸ் மார்க்கி 1989இல் வெளியிட்ட ‘ஜஸ்ட் எ பிரெண்ட்’ என்னும் பாட்டு, பிரெடி ஸ்காட் 1968இல் பாடிய காதற்பாட்டொன்றின் பல்லவியைத் தழுவியது. ஸ்காட் உருக்கமாக இசைத்ததை மார்க்கி சுருதி பிறழக் கதறினார். தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாகக் கூறிய பேதைமை இங்கு நாணமின்றி வெளிப்படுகின்றது. எனினும் காதலில் ஏமாந்தவனின் துயர் அக்கதறலிலேதான் மெய்யாகின்றது என்பது எம் கருத்து. முன்னைப் பாட்டை அறிந்தோர்க்கு நகை இரட்டிக்கும். ஆதலின் இதனைக் களவென்னாது எடுத்தாட்சி என்றலே பொருந்தும்.

1991இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, கில்பர்ட் ஓ’சல்லிவனின் பதிவிலிருந்து இசைவின்றி ஒலித்துணுக்கு எடுத்தமைக்காக மார்க்கியின் வேறொரு பாட்டைத் தடுத்தது. உரிமையளவில் அது முறையே. எடுத்ததைக் கொண்டு ஆக்கியது யாது என்னும் திறனாய்வு வினாவோ எஞ்சி நிற்கின்றது. மார்க்கி 1993இல் தம் அடுத்த தொகுப்பிற்கு, எடுத்தவற்றிற்கெல்லாம் இசைவு பெற்றாயிற்று என்னும் பொருள்பட, ‘ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்’ எனப் பெயரிட்டார்.