மடன் என்னும் நகை: ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ திரைப்படமும் பார்வையாளர் கருத்துகளும்

திறவுச்சொற்கள்: நகை, மடன், அங்கதம், அணு ஆயுதப் போர், ஸ்டான்லி குப்ரிக்

முன்னுரை

ஸ்டான்லி குப்ரிக் இயக்கத்தில் 1964 சனவரி இறுதியில் வெளிவந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’, அமெரிக்க – சோவியத் அணு ஆயுதப் போரை நகைப்புக்குரிய பொருளாக்கிய திரைப்படமாகும். கியூப ஏவுகணை நெருக்கடி நிகழ்ந்து அப்போது பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன. படத்தின் முன்னோட்டத் திரையிடல் 1963 நவம்பர் 22 அன்று திட்டமிடப்பட்டிருந்தது. அதே நாளில் அதிபர் கென்னடி கொல்லப்பட்டதால் வெளியீடு தள்ளிப்போனது. விமானி ஒருவரின் வசனத்தில் இருந்த டல்லாஸ் நகரப் பெயரும் பின்னர்க் குரல்மாற்றத்தால் நீக்கப்பட்டது.

கதை எளியது. அமெரிக்க விமானப்படைத் தளபதி ஜாக் ரிப்பர், குடிநீரில் ஃபுளோரைடு கலப்பது கம்யூனிஸ்டுகளின் சதி என்று நம்பி, தம் ஆணைக்குட்பட்ட குண்டுவீச்சு விமானங்களைச் சோவியத் ஒன்றியத்தின்மீது ஏவுகிறார். விமானங்களைத் திருப்பி அழைக்கும் குறியீட்டை அவர் மட்டுமே அறிவார். தாக்கப்பட்டால் தானே இயங்கி உலகை அழிக்கும் பொறி ஒன்றைச் சோவியத் அமைத்திருப்பது அதற்குப் பின்னரே வெளிப்படுகிறது. குறியீடு கண்டறியப்பட்டு ஏனைய விமானங்கள் திரும்புகின்றன. ஒன்று மட்டும் திரும்பவில்லை.

இப்படத்தைச் சுவைப்போர் தமக்குள் பேசிக்கொள்ளும்போது முதலில் நினைவுகூர்வது ரிப்பரின் வெறியையும், ஸ்ட்ரேஞ்ச்லவின் கட்டுக்கடங்காத வலக்கையையும்தான். உலகம் பித்தர் கையில் அகப்பட்ட கதை என்பதே பெருவழக்கான வாசிப்பு. இவ்வாசிப்பு படத்தைப் புரிந்துகொள்ளப் போதாது என்பதோடு, படம் தரமறுக்கும் ஓர் ஆறுதலையும் பார்வையாளருக்கு அளித்துவிடுகிறது. பித்தரை அகற்றினால் இடர் நீங்கும் என்பதே அந்த ஆறுதல்.

மூவர் கருத்து

படம் வெளிவந்ததும் ‘நியூயார்க் டைம்ஸ்’ திறனாய்வாளர் பாஸ்லி கிரௌதர் அதனை நோயுற்ற நகைச்சுவை எனக் கண்டித்தார். படத்தின் திறத்தை அவர் மறுக்கவில்லை. அதிபர் வரையிலான பாதுகாப்பு அமைப்பு முழுவதன்மீதும் படம் காட்டிய இகழ்ச்சியே அவரை உறுத்தியது. 1964 மார்ச்சில் அதே நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் வரலாற்றறிஞர் லூயிஸ் மம்ஃபோர்ட் இதை மறுத்தார். நோய் படத்தில் இல்லை, பொது விவாதமின்றி இத்தகைய கொள்கையை உருவாகவிட்ட நாட்டில் உள்ளது என்பது அவர் வாதம்.

மூன்றாவது கருத்து துறையறிந்த ஒருவருடையது. ராண்ட் நிறுவனத்தில் அணு ஆயுதப் போர்த்திட்டங்களை ஆய்ந்த டேனியல் எல்ஸ்பெர்க், உடன் பணியாற்றிய ஒருவருடன் இப்படத்தைப் பார்த்தார். அரங்கைவிட்டு வெளிவந்தபோது, பார்த்தது ஓர் ஆவணப்படம் என்றே இருவருக்கும் தோன்றியதாகப் பிற்காலத்தில் பதிவுசெய்துள்ளார். கீழ்நிலைத் தளபதி ஒருவர் அதிபரின் ஆணையின்றித் தாக்குதல் தொடங்க இயலுமா என்பதே அன்று படத்தின்மீது எழுப்பப்பட்ட ஐயம். படத்தின் தொடக்கத்தில், இத்தகைய நிகழ்வைத் தம் பாதுகாப்பு ஏற்பாடுகள் தடுக்கும் என்ற அமெரிக்க விமானப்படையின் அறிவிப்பும் இடம்பெறுகிறது. ஆனால் குறிப்பிட்ட நெருக்கடிச் சூழல்களில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் ஐசனோவர் காலத்திலேயே படைத்தலைவர்களுக்கு முன்கூட்டி வழங்கப்பட்டிருந்ததைப் பிற்காலத்தில் வெளியிடப்பட்ட அரசு ஆவணங்கள் காட்டின.

மூவரும் படத்தின் நகைப்பு யாரை நோக்கியது என்பதைப் பேசினர். அந்நகைப்பு எதிலிருந்து பிறக்கிறது என்ற வினா எஞ்சியிருக்கிறது.

நகையின் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பேதைமை, மடன் ஆகிய இரண்டும் மேலோட்டமாக ஒன்றுபோல் தோன்றுவன. பேராசிரியர் உரை இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. பேதைமை அறிவில்லாமை, மடன், பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைக் கைவிடாதிருத்தல். மடவோனுக்கு அறிவுண்டு. கற்றதை எப்போது விடவேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. அணு ஆயுதத்தைக் கனவிலும் கண்டிராத இலக்கணமரபு தந்த இவ்வேறுபாடு இப்படத்துக்கு வியப்பூட்டும் அளவில் பொருந்துகிறது.

மேஜர் காங்கின் விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். தாக்குதல் ஆணை வந்ததும் காங் அதை நம்பவில்லை. விளையாட்டென எண்ணி மறுவுறுதி கேட்கிறார். உறுதியானதும் மாட்டிடையர் தொப்பியை அணிந்துகொண்டு, இன நிற வேறுபாடின்றி அனைவருக்கும் பதவி உயர்வும் பதக்கமும் கிடைக்கும் எனத் தம் குழுவினருக்கு ஊக்கவுரை ஆற்றுகிறார். பின்னர்க் கையேட்டைப் பார்த்து ஒவ்வொரு விசையாக இயக்குகின்றனர். குப்ரிக் இதை விரைந்து கடந்து செல்வதில்லை. விசை, விளக்கு, மறுமொழி, அடுத்த விசை என நடைமுறை முழுவதையும் காட்டுகிறார். ஏவுகணை தாக்கி வானொலிக் கருவி அழிகிறது. எரிபொருள் கசிகிறது. எனவே இலக்கை மாற்றிக்கொள்கின்றனர். முந்தைய இலக்குகளை அமெரிக்க அதிபரே சோவியத்துக்குத் தெரிவித்திருந்தும் விமானம் அகப்படாததற்கு இதுவே காரணம். குண்டறையின் கதவு திறக்கவில்லை. காங் கீழிறங்கி, குண்டின்மேல் அமர்ந்து அறுந்த மின்கம்பிகளை இணைக்கிறார். கதவு திறக்கிறது, குண்டின்மீது அமர்ந்தபடியே அவர் விழுகிறார்.

இக்குழுவில் ஒருவர்கூடப் பித்தரல்லர், கோழையும் அல்லர். எதிர்பாராத் தடைகள் ஒவ்வொன்றையும் கூரிய அறிவால் வெல்கின்றனர். போர்த் திரைப்படங்கள் போற்றும் பண்புகள் அனைத்தும் இவர்களிடம் உள்ளன. சற்றே மந்தமானவர்களாக இருந்திருந்தால் உலகம் பிழைத்திருக்கும்.

மடனின் வேறு வடிவங்களும் படத்தில் உண்டு. திருப்பியழைக்கும் குறியீட்டை ஊகித்தறிந்த மாண்ட்ரேக், கட்டணத் தொலைபேசியில் அதிபரை அழைக்கச் சில்லறையின்றித் தவிக்கிறார். குளிர்பான இயந்திரத்தைச் சுட்டுக் காசெடுக்கச் சொன்னால், கர்னல் குவானோ தயங்கி, கோகோ கோலா நிறுவனத்துக்கு விடைசொல்ல நேரும் என எச்சரிக்கிறார். சற்றுமுன் அதே தளத்தில் அமெரிக்க வீரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதில் அவருக்கு உறுத்தல் இல்லை. தனியார் சொத்தைச் சுடுவதே அவர் கற்ற ஒழுங்குக்கு முரணானது. போர் அறையில் கைகலந்த தளபதி டர்ஜிட்சனையும் சோவியத் தூதரையும், அது போர் அறை என்பதையே காரணம் காட்டி அதிபர் கண்டிக்கும் இடமும் இவ்வகையே.

டர்ஜிட்சன் காட்சி இன்னும் நுட்பமானது. எஞ்சிய ஒற்றை விமானம் சோவியத் காவலைக் கடந்துவிடுமா என அதிபர் வினவுகிறார். தளபதிக்குத் தம் விமானிகளின் திறன்மீது பெருமிதம் பொங்குகிறது. இரு கைகளையும் சிறகென விரித்து, விமானம் தாழப் பறப்பதை நடித்துக் காட்டி, கட்டாயம் கடக்கும் என்கிறார். சொல்லி முடித்த பின்னரே பொருள் உறைக்க, கை வாயை மூடுகிறது. கொண்டதை விடும் கணம் அந்தத் திகைப்பில் ஒரு நொடி தோன்றி மறைகிறது. ஜார்ஜ் சி. ஸ்காட்டின் மிகைநடிப்பைக் குறைகூறுவோர் இவ்விடத்தை மீண்டும் காணவேண்டும்.

மடனின் முற்றிய வடிவம் சோவியத்தின் அழிவுப்பொறி. கற்பிக்கப்பட்டதை விடவே இயலாதவாறு அது வடிவமைக்கப்பட்டுள்ளது; நிறுத்த முயன்றாலும் வெடிக்கும். இதனோடு ஒப்பிட்டால் ரிப்பரின் பித்துக் கதையைத் தொடக்கும் தீப்பொறி மட்டுமே. அவருக்கு அவ்வதிகாரத்தை வழங்கிய ‘ஆர்’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தவர், படத்திலேயே மிகத் தெளிந்த அறிவினராகக் காட்டப்படும் அதிபர்தான். அச்சத்தின் நான்கு நிலைக்களன்களுள் தம் இறையும் ஒன்றென மெய்ப்பாட்டியல் வைத்தது இங்கு நினைக்கத்தக்கது.

இந்நோக்கில் ஸ்ட்ரேஞ்ச்லவ் பாத்திரமே படத்தின் நலிந்த பகுதியாகத் தோன்றுகிறது. பீட்டர் செல்லர்சின் நடிப்பில் குறையில்லை. எனினும் நாஜி வணக்கத்துக்குத் தானே உயரும் கையும் சக்கர நாற்காலியும், தீமையை வெளியிலிருந்து வந்த அயலானாக்கிவிடுகின்றன. பார்வையாளர் பெரிதும் கொண்டாடும் அக்கையே, அதுவரை படம் நேர்ந்தோர்மீது வைத்த குற்றச்சாட்டைத் தளர்த்துகிறது.

அழுகையும் நகையும்

சிட்னி லூமெட்டின் ‘ஃபெயில் சேஃப்’ அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதுவும் பிழையாகச் சென்ற குண்டுவீச்சு விமானங்களின் கதையே, நகைப்பு இல்லை. பிழைக்குக் காரணம் பித்தரல்லர், கருவிக் கோளாறு. வணிகத்தில் தோற்ற அப்படத்தை, குப்ரிக்கின் படத்தைவிட நேர்மையானது என வாதிடும் பார்வையாளர் இன்றும் உள்ளனர். அவர்கள் கூற்றைப் புறந்தள்ள இயலாது. அதன் விமானியை வானொலியில் அதிபர் அழைக்கிறார். பின் அவன் மனைவியே அழைக்கிறாள். வழியில் கேட்கும் குரல் எதுவாயினும் பகைவரின் சூழ்ச்சி எனப் பயிற்றப்பட்டவன், மனைவியின் குரலையும் புறக்கணித்துச் செல்கிறான். அதே மடன் இங்கு அழுகையாகிறது.

வேறுபாடு பாத்திரத்தில் இல்லை, பார்வையாளரின் நிலையில் உள்ளது. லூமெட் அவரைத் தடுத்து நிறுத்தத் துடிப்போரின் பக்கம் அமர்த்துகிறார். குப்ரிக் விமானத்துக்குள் அமர்த்துகிறார். எரிபொருள் போதுமா, கம்பி இணையுமா, கதவு திறக்குமா என்ற பதற்றத்தில் குழுவினரின் விருப்பம் அவர் விருப்பமாகிவிடுகிறது. எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து நகுவது மட்டுமன்று, தான் பிறரால் இகழப்பட்டவிடத்துத் தானே நகுவதும் ஆகும் என்கிறது பேராசிரியர் உரை. குண்டறைக் கதவு திறந்த கணத்தில் அரங்கில் எழும் சிரிப்பு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. அக்கதவு திறக்கவேண்டும் என அதுவரை விரும்பிக் காத்திருந்தவர் பார்வையாளரே.